விறகு பிளக்கும் மெஷின்: ஓவர்ஹால் செய்வதா, புதுசே வாங்கிவிடுவதா?

டிப்போ_பெருந்துறை:

வணக்கம்ங்க. பெருந்துறைப் பக்கம் விறகு டிப்போ. சாயப்பட்டறை பாய்லர்களுக்குச் சைஸ் விறகு கொடுக்கிறோம். வரும் லோடில் முக்கால்வாசி ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைக்கருவேல். மீதி தைலமரம், வேம்பு, புளி, கொஞ்சம் வேர்க்கட்டை.

மெஷின் படுக்கை வகை ஹைட்ராலிக், ஆப்பு நகரும் மாடல். 15 எச்.பி. மோட்டார், 1440 ஆர்.பி.எம். கியர் பம்ப் ஒரு சுற்றுக்கு 22 சி.சி. சிலிண்டர் உள்விட்டம் 100 மி.மீ., ராடு 56 மி.மீ., ஸ்ட்ரோக் 600 மி.மீ. ரிலீஃப் வால்வு (அழுத்தம் எல்லை தாண்டாமல் காக்கும் வால்வு) சதுர செ.மீ.க்கு 180 கிலோவில் வைத்தது. டேங்க் 100 லிட்டர். எட்டு வருடம் ஓடியிருக்கிறது, ஒருமுறை சீல் கிட் (ஆயில் ஒழுகாமல் தடுக்கும் வளையங்கள்) மாற்றியிருக்கிறோம்.

பிரச்சினை இதுதான். காலையில் ஆப்பு போய்த் திரும்ப 17, 18 வினாடி. பதினோரு மணிக்கு மேல் 26 வினாடி ஆகிவிடுகிறது. கணு உள்ள கருவேலில் ஆப்பு பாதியில் நின்றுவிடுகிறது. நாளுக்கு 8.5, 9 டன்தான் இறங்குகிறது. அடுத்த மாதத்திலிருந்து ஒரு பாய்லர்காரர் கூடுதலாகக் கேட்கிறார், மொத்தம் நாளுக்கு 14 டன் வேண்டும்.

பட்டறையில் பம்ப், சிலிண்டர், ஹோஸ், ஆயில் எல்லாம் சேர்த்து 1,40,000 கேட்கிறார்கள். புது 20 டன் மெஷின் 5,75,000, பழசை 90,000க்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். அறுத்து, பிளந்து, கன்வேயரில் ஏற்றும் முழு மெஷினும் ஒருவர் காட்டினார், விலை பல மடங்கு. எட்டு வருட மெஷினில் 1,40,000 போடுவது சரியா? எதை வைத்து முடிவு செய்வது?

---

ஆயில்சீல்_கோவை:

ஐயா, வருடக் கணக்கை விடுங்க. ஹைட்ராலிக் மெஷினுக்கு வயசு என்பது ஓடிய மணி நேரமும் ஆயிலின் சுத்தமும்தான். முதலில் எந்த பாகம் செத்திருக்கிறது என்று கண்டுபிடிங்க. "பம்ப், சிலிண்டர், ஹோஸ் எல்லாம்" என்று மொத்தமாக ஒரு விலை சொல்கிறார்கள் என்றால் யாரும் டெஸ்ட் பண்ணவில்லை என்று அர்த்தம்.

உங்கள் மெஷின் புதிதில் என்ன செய்திருக்கும் என்பதைக் கணக்கிலேயே சொல்லலாம். 22 சி.சி. பம்ப் 1440 சுற்றில் 31.7 லிட்டர். கசிவு போக நிமிடத்துக்கு 29, 30 லிட்டர் வெளியே வரும். 100 மி.மீ. சிலிண்டரின் பரப்பு 78.5 சதுர செ.மீ., 60 செ.மீ. நீளத்துக்கு 4.7 லிட்டர் ஆயில் வேண்டும். ஆக முன்னால் போக 9.6 வினாடி. திரும்பும்போது ராடு இடத்தை அடைத்துக்கொள்வதால் 3.2 லிட்டர் போதும், 6.6 வினாடி. மொத்தம் 16 வினாடிக்குச் சற்று மேல். காலையில் 17 வருகிறது என்றால் பம்ப் பெரிய அளவில் தேயவில்லை. சூடானபின் 26 ஆகிறது என்பதுதான் துப்பு: ஆயில் இளகியதும் எங்கோ உள்ளே ஒழுகுகிறது.

விசைக் கணக்கும் பாருங்க. 180 கிலோ அழுத்தத்தில் 14 டன். கேஜ் 130தான் காட்டினால் 10 டன். கணுக்கட்டையில் நிற்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அதற்காக 20 டன் மெஷின் வாங்க வேண்டியதில்லை, இருக்கிற 14 டன் திரும்பக் கிடைத்தால் போதும்.

எல்லா டெஸ்டையும் மெஷின் இரண்டு மணி நேரம் ஓடிச் சூடானபிறகு செய்யுங்க. குளிரில் எல்லாம் நன்றாகத்தான் காட்டும்.

முதல் டெஸ்ட். கட்டை இல்லாமல் ராடை முழுக்க வெளியே விட்டு, லீவரை விடாமல் பிடித்துக் கேஜைப் பாருங்க. 180 வருகிறதா, எவ்வளவு குறைகிறது என்று எழுதிக்கொள்ளுங்க. ஐந்து வினாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம், ஆயில் கொதிக்கும்.

இரண்டாவது. மோட்டாரை நிறுத்தி, லீவரை இரண்டு பக்கமும் ஆட்டி அழுத்தத்தை இறக்கிவிட்டு, சிலிண்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் வால்வு முனையில் கழற்றி, அந்த இரண்டு ஓட்டையிலும் ஸ்டீல் பிளக் போடுங்க. திரும்ப ஓட்டி லீவரை இழுங்க. இப்போது கேஜ் 170, 180க்கு ஏறினால் பம்பும் ரிலீஃபும் அழுத்தத்தை ஏற்றுகின்றன, முதல் சந்தேகம் சிலிண்டர் மேல். அப்போதும் ஏறாவிட்டால் பம்ப், ரிலீஃப் வால்வு, ஸ்பூல் (லீவர் நகர்த்தும் வால்வுத் தண்டு) மூன்றில் ஒன்று. ரிலீஃப் வால்வு சீட்டில் சின்ன உலோகத் துகள் மாட்டியிருந்தாலும் இதே அறிகுறிதான், கழற்றிக் கழுவினாலே சரியாகும். பம்பைச் சந்தேகப்பட்டால் ஃப்ளோ மீட்டரும் லோடு வால்வும் உள்ள பட்டறையில் சூட்டோடு 150 கிலோவில் அளக்கச் சொல்லுங்க. லோடு இல்லாதபோது வருவதைவிட 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மாற்றலாம்.

மூன்றாவது, சிலிண்டருக்கு. ராடு முழுக்க வெளியே. மோட்டாரை நிறுத்தி அழுத்தத்தை இறக்குங்க. ராடு பக்க ஹோஸைக் கழற்றி, அந்த ஹோஸ் முனைக்குப் பிளக், சிலிண்டர் ஓட்டைக்குக் கீழே ஒரு கேன். பின்பக்கம் அழுத்தம் கொடுங்க. ஓட்டையில் சொட்டுச் சொட்டாக வந்தால் பரவாயில்லை. நூல் பிடித்து ஓடினால் பிஸ்டன் சீல் போயிற்று. ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று அளந்து எழுதுங்க.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வேகம் குறைகிறதே என்று ரிலீஃப் ஸ்க்ரூவை முறுக்காதீங்க. நோய் கசிவில் இருக்கும்போது அழுத்தத்தை ஏற்றினால் கசிவும் ஏறும், மோட்டார் ஓவர்லோடு ஆகும், வெல்டிங் பிளக்கும். ஹோஸில் ஊசித் துளை இருக்கிறதா என்று கையால் தடவவும் கூடாது. அந்த அழுத்தத்தில் ஆயில் தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும், விரலையே எடுக்க வேண்டி வரும். அட்டைத் துண்டை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இதோடு ஆயில் டெம்பரேச்சர், ஓடும்போது மோட்டார் ஆம்பியர், ராடில் கோடு இருக்கிறதா, இருந்தால் எந்தப் பக்கம், இந்த மூன்றையும் பார்த்து எழுதுங்க.

---

டிப்போ_பெருந்துறை:

அண்ணா, ரொம்ப நன்றிங்க. நேற்று மதியம் ஒன்றரை மணிக்கு எடுத்த அளவுகள்:

ராடு முழுக்க வெளியே, 130 கிலோதான் வருகிறது. வால்வில் பிளக் போட்டபின் 172 வந்தது. ராடு பக்க ஓட்டையில் சொட்டாக இல்லை, கேன் நிரம்ப ஓடியது. ஆயில் 74 டிகிரி. ஆம்பியர் சும்மா ஓடும்போது 9, அழுத்தும்போது 17. ராடில் அடிப்பக்கம் மட்டும் நீளமாகக் கோடு இருக்கிறது, நகத்தில் தட்டுப்படுகிறது. ஆப்பு நகரும் கைடு பிளேட்டில் மேலும் கீழும் 4 மி.மீ. ஆட்டம். டேங்க் மூடியில் பிரீத்தர் (உள்ளே போகும் காற்றை வடிகட்டுவது) இல்லை, துணி கட்டி வைத்திருக்கிறார்கள்.

---

ஆயில்சீல்_கோவை:

அப்போது பம்பைத் தொட வேண்டாம். பிளக் போட்டபோது சூட்டிலும் 172 வந்திருக்கிறது. மோட்டாரும் சரி: 15 எச்.பி.க்கு முழு லோடில் 20, 21 ஆம்பியர் வரும், 17 வருவது அழுத்தம் ஏறாததால்தான். கெட்டது சிலிண்டர். ஆனால் சிலிண்டரைக் கெடுத்தது கைடு பிளேட்.

கைடில் ஆட்டம் அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ.க்குள் இருக்க வேண்டும். 4 மி.மீ. என்றால் கட்டையில் கணு வந்ததும் ஆப்பு தலையைத் தூக்குகிறது, ராடு கீழே அழுந்திச் சிலிண்டர் மூடியில் தேய்கிறது. அதனால்தான் கோடு அடிப்பக்கம் மட்டும். முன்பு சீல் கிட் போட்டபோது கைடைப் பார்க்காமல் விட்டிருப்பார்கள். இப்போதும் சீல் மட்டும் மாற்றினால் அதே இடத்தில் அதே மாதிரி போகும்.

செய்ய வேண்டிய வரிசை: முதலில் கைடு பிளேட்டைக் கழற்றி, தேய்ந்த பட்டையை மாற்றி, ஷிம் (மெல்லிய தகடு) வைத்து ஆட்டத்தைச் சரிசெய்யுங்க. பிறகு பீமின் (மெஷினைத் தாங்கும் நீள இரும்புச் சட்டத்தின்) ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மீன் நூல் இழுத்துக் கட்டி, நடுவில் இடைவெளி பாருங்க. ஒரு மீட்டருக்கு 3 மி.மீ. வளைவு இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு எழுதுங்க, அது வேறு கணக்கு.

சிலிண்டரை எடுத்ததும் ட்யூபின் உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்க. பிஸ்டனும் அடிப்பக்கம் சாய்ந்துதான் ஓடியிருக்கும். ராடு முனைக்கு வந்தபோதே இப்படி ஓடுகிறது என்றால் நடுவில் கோடு விழுந்த இடத்தில் இன்னும் கூடுதலாக ஒழுகும், 26 வினாடிக்கு விடை அதில்தான் இருக்கிறது. மெல்லிய கோடு என்றால் ஹோனிங் (உள்பக்கத்தைத் தேய்த்து வழவழப்பாக்குவது) போதும். ஆனால் 0.1 மி.மீ.க்கு மேல் பெரிதாக்க வேண்டி வந்தால் விடாதீங்க. சீலுக்கும் ட்யூபுக்கும் நடுவே இடைவெளி கூடி, அழுத்தத்தில் சீல் பிதுங்கிக் கிழியும். 600 ஸ்ட்ரோக்குக்கு ஹோன் செய்த புது ட்யூப் வெட்டி வெல்டு செய்வதே மேல். ராடை ஹார்டு குரோம் போட்டு கிரைண்டிங் செய்யலாம். வளைந்திருந்தால் குரோம் போட்டுப் பயனில்லை, புது குரோம் ராடு வாங்கிக் கடைந்துகொள்ளுங்க.

கிட்டில் பிஸ்டன் சீல், ராடு சீல் மட்டும் போதாது. வேர் ரிங் (தேய்மானம் தாங்கும் வளையம்), வைப்பர் (ராடைத் துடைக்கும் வளையம்) இரண்டும் புதிதாக வேண்டும். விறகு டிப்போவில் முதலில் கிழிவது வைப்பர். அது கிழிந்தால் மரத்தூள் ராடோடு ஒட்டி உள்ளே போகும்.

ஆயில்: நம்ம ஊர் வெயிலுக்கு 68 நம்பர். 74 டிகிரி அதிகம், 60ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும். கசிவு நின்றாலே சூடு குறையும், அதனால் கூலர் இப்போதே வாங்காதீங்க. டேங்கை முழுக்க வடித்து, அடியில் படிந்த சேற்றைப் பஞ்சு விடாத துணியால் துடைத்து, சக்‌ஷன் ஜல்லடையைக் கழுவி, ரிட்டர்ன் ஃபில்டர் எலிமென்ட் மாற்றிவிட்டு நிரப்புங்க. பிரீத்தர் கட்டாயம். துணி கட்டிய டேங்க் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் தூசியை மூச்சிழுக்கும். பழைய ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சந்தேகமென்றால் சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விடுங்க, தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும்.

ஹோஸ் அரை அங்குலம் என்றால் இரட்டைக் கம்பி வலை உள்ளதுதான் வேண்டும், அது 275 பார் தாங்கும் (ஒரு பார் கிட்டத்தட்ட சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ). ஒற்றை வலை 160 பார்தான், உங்கள் மெஷினுக்குக் காணாது. மேல் ரப்பர் வெடித்திருந்தால், கம்பி தெரிந்தால், நிப்பிள் அருகே உப்பியிருந்தால் மாற்றுங்க. இல்லாவிட்டால் இருக்கட்டும்.

பட்டறையில் வரிவாரியாக விலை கேளுங்க. பம்ப் கழிந்தாலே 1,40,000 நன்றாக இறங்கும்.

---

டன்கணக்கு:

மெஷின் சரியாகிவிடும் என்றே வைத்துக்கொள்வோம். 14 டன் வருமா என்பது தனிக் கேள்வி. அதற்கு ஸ்டாப் வாட்சோடு மெஷின் பக்கத்தில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். மெஷின் அழுத்துகிற நேரம் எவ்வளவு, ஆள் கட்டையைத் தூக்கி வைத்து, திருப்பி, பிளந்ததை எடுத்துப் போடுகிற நேரம் எவ்வளவு என்று பிரித்து எழுதுங்க.

உங்கள் எண்ணை வைத்தே போடுகிறேன். சராசரிக் கட்டை 40 கிலோ, ஒரு கட்டைக்கு 3 அழுத்து, தூக்கி இறக்க 30 வினாடி, நாளில் உண்மையாக ஓடுவது ஆறரை மணி நேரம் என்று வைக்கிறேன். உங்கள் டிப்போவில் வேறாக இருந்தால் மாற்றிக்கொள்ளுங்க.

இப்போது: 26 வினாடி மூன்று முறை, 78. அதோடு 30, ஆக 108 வினாடி. மணிக்கு 33 கட்டை, 1.33 டன், நாளுக்கு 8.7 டன். நீங்கள் சொன்ன 8.5, 9 டன்னோடு ஒத்துப்போகிறது, ஆகவே அனுமானம் பெரிதாகத் தப்பில்லை.

சிலிண்டர் சரியாகி 16 வினாடி வந்தால்: 48 சேர் 30, ஆக 78 வினாடி. மணிக்கு 1.85 டன், நாளுக்கு 12.

புது 20 டன் மெஷின், 9 வினாடி வேகம் என்று வைத்தால்: 27 சேர் 30, ஆக 57. மணிக்கு 2.5 டன், நாளுக்கு 16.4.

இனி பழைய மெஷினையே சரிசெய்து, பீம் உயரத்துக்கு ஒரு ரோலர் மேடை போட்டு, கட்டையைத் தரையிலிருந்து தூக்காமல் உருட்டிவிடுகிற மாதிரி செய்தால்? தூக்கும் நேரம் 30லிருந்து 15 ஆகும். 48 சேர் 15, ஆக 63. மணிக்கு 2.3 டன், நாளுக்கு 14.9.

புது மெஷின் தரும் 16.4க்கும் இந்த 14.9க்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்க. உங்களுக்கு வேண்டியது 14. மேடைக்கு இரண்டு அங்குலப் பைப், பேரிங், சி சேனல்தான். லோடு இறங்கும் பக்கம் லேசான சரிவு, பீம் பக்கம் ஒரு தடுப்புக் கட்டை, அவ்வளவே. நான்கு பக்கம் பிளக்கும் ஆப்பு போட்டால் அழுத்து எண்ணிக்கை குறையுமே என்று யாராவது சொல்வார்கள். நேர் நாராக ஓடும் தைலமரத்தில், ஒரு சாண் விட்டம் வரை, 14 டன் மெஷின் தள்ளும். கணுக் கருவேலில் மாட்டிக்கொண்டு நிற்கும், திரும்ப எடுக்கவே ஐந்து நிமிடம் போகும். கழற்றி மாட்டுகிற உறையாகச் செய்து, தைலமர லோடுக்கு மட்டும் போடுங்க.

வேகத்துக்கு இன்னொரு வழி இரட்டைக் கட்டப் பம்ப். லோடு இல்லாதபோது இரண்டு கியரும் சேர்ந்து 60 லிட்டர் தரும், கட்டையில் பட்டதும் பெரிய கியர் விலகி, சின்னதுமட்டும் அழுத்தும். முன்னால் போகிற வெற்று நேரம் பாதியாகும். ஆனால் பம்பை மட்டும் மாற்றி ஏமாறாதீங்க. ராடு திரும்பும்போது பின்பக்க ஆயில் பரப்பு விகிதப்படி வெளியேற வேண்டும்: 60ஐ 78.5ஆல் பெருக்கி 53.9ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 87 லிட்டர். வால்வும் ரிட்டர்ன் ஃபில்டரும் அதைத் தாங்க வேண்டும். அரை அங்குல ஹோஸில் அது அடைத்துச் சூடாகும். சிலிண்டருக்கு முக்கால் அங்குலம், டேங்க் ரிட்டர்னுக்கு ஒரு அங்குலம் வேண்டும். 100 லிட்டர் டேங்கும் சின்னதாகிவிடும். இத்தனையும் மாற்றும் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு, அது புது மெஷின் விலையில் பாதியை நெருங்கினால் விட்டுவிடுங்க.

பணக்கணக்கு: டன்னுக்கு உங்கள் கையில் நிற்பது 300 ரூபாய் என்று வைத்தால், கூடுதல் 5 டன்னுக்கு நாளுக்கு 1,500. மாதம் 25 நாளில் 37,500. ரிப்பேரும் மேடையும் சேர்ந்து 2,00,000 ஆனாலும் ஐந்தரை மாதத்தில் வந்துவிடும். புது மெஷினுக்குக் கைவிட்டுப் போவது 4,85,000, அதற்கு 13 மாதம். ஆர்டர் 14 டன்தான் என்பதால் புது மெஷினின் மிச்சத் திறன் சும்மா நிற்கும். கரண்டை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. இந்த அளவு மெஷினில் டன்னுக்கு மூன்று யூனிட் சுற்றித்தான் ஆகிறது. செலவெல்லாம் ஆள் கூலியில் இருக்கிறது.

---

ஃபயர்மேன்_திருப்பூர்:

பாய்லர் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தைங்க. புதிதாகக் கேட்கிற அந்தப் பாய்லர்காரரிடம் முதலில் மூன்று விஷயம் கேளுங்க: அடுப்பு வாய் எத்தனை அங்குலம், கையால் போடுகிறார்களா, அடுத்த ஓரிரு வருடத்தில் சிப்ஸுக்கு (மரச்சில்லுக்கு) மாறுகிற எண்ணம் உண்டா.

கையால் போடுகிற கிரேட் பாய்லர் என்றால் இரண்டரை, மூன்று அடி நீளத்தில் முன்கை கனத்துக்குப் பிளந்த விறகு போதும். அதைவிடப் பொடியாகப் பிளப்பது உங்களுக்கு வீண் அழுத்து, எங்களுக்கும் தொல்லை. சீக்கிரம் எரிந்து, கதவை அடிக்கடி திறக்க வேண்டி, குளிர்காற்று உள்ளே போகும். ஒரு கட்டைக்கு 3 அழுத்து என்று மேலே கணக்குப் போட்டிருக்கிறார். ஒரு சாணுக்குக் குறைந்த கட்டையை ஒரே பிளப்பில் விட்டால், புது மெஷின் இல்லாமலே டன் ஏறும். சவுக்கு மெல்லிசாக வந்தால் பிளக்கவே தேவையில்லை, அறுத்தால் போதும்.

சிப்ஸுக்கு மாறுகிறவர் என்றால் பிளக்கும் மெஷினில் ஒரு ரூபாயும் பெரிதாகப் போடாதீங்க. தானாக ஊட்டுகிற அடுப்புக்கு விரல் நீளச் சில்லுதான் போகும். அதற்கு டிரம் சிப்பர் வேண்டும். அது 15 எச்.பி. வேலையில்லை, பல மடங்கு குதிரைத்திறனும் கூடுதல் மின் இணைப்பும் கேட்கும். வேர்க்கட்டையில் ஒட்டிய மண்ணும் ஆணியும் சிப்பர் கத்தியை ஒரே நாளில் மழுக்கிவிடும்.

ஈரம் இன்னொன்று. நாங்கள் வாங்குவது எடையை, எரிப்பது சூட்டை. 20 சதவீத ஈரத்தில் கிலோவுக்கு 3,400 கிலோ கலோரி கிடைத்தால் 40 சதவீதத்தில் 2,400தான் தேறும். பிளந்த விறகு சீக்கிரம் காயும், ஏனென்றால் பட்டை ஈரத்தைப் பூட்டி வைக்கிறது. கட்டை வந்தவுடன் பச்சையாகவே பிளந்து அடுக்கிவிடுங்க. தைலமரம் பச்சையில் சுலபமாகப் பிளக்கும், காய்ந்தபின் முறுக்கு நாரு ஆப்பைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த தைலமரத்தைப் பிளக்க முடியவில்லை என்று பெரிய மெஷின் தேடுகிறவர்கள், வேலை வரிசையை மாற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

---

லேத்_கரூர்:

எப்போது கட்டாயம் தூக்கிப் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பம்ப், சிலிண்டர், வால்வு, ஹோஸ், மோட்டார் எல்லாம் கடையில் கிடைக்கிற சாமான். அவற்றில் எது போனாலும் மெஷின் சாகவில்லை. மெஷின் என்பது உண்மையில் பீமும் அதன் முனையில் கட்டை முட்டுகிற பிளேட்டும்தான். 14 டன் விசை நாள் முழுக்க அந்த வெல்டிங்கை இழுக்கிறது. முட்டுப் பிளேட் பீமோடு சேரும் மூலையை கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, பெயின்ட் எடுத்து, வெடிப்பு காட்டும் ஸ்பிரே அடிங்க: சிவப்பை அடித்து, பத்து நிமிடம் விட்டு, துடைத்து, வெள்ளையை அடித்தால் வெடிப்பு இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு கசியும்.

வெல்டிங்கில் மட்டும் வெடிப்பு என்றால் சரிசெய்யலாம். வெடிப்பின் முனை எங்கே முடிகிறதோ அங்கே 6 மி.மீ. துளை போட்டு, வெடிப்பை முழுதாகக் கிரைண்டரில் வி வடிவத்தில் தோண்டி, சூடாக்கி, காய்ந்த 7018 வெல்டிங் ராடில் அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும். மேலே ஒரு கோடு இழுத்து மூடினால் உள்ளே வெடிப்பு அப்படியே இருக்கும். சரியாக வெல்டு செய்தபின்னும் அதே இடத்தில் திரும்ப வெடித்தால் இரும்பு களைத்துவிட்டது. பீமின் நடுத் தகட்டில் வெடிப்பு ஓடியிருந்தாலும், நூல் டெஸ்டில் நிரந்தர வளைவு தெரிந்தாலும் அந்த மெஷினில் பணம் போடாதீங்க. 90,000 கொடுக்கிறவரிடம் கொடுத்துவிடலாம்.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு, இதை நான் பீமுக்குச் சமமாக வைப்பேன். உங்கள் மெஷினில் ஒருவர் லீவர் பிடிக்க, இன்னொருவர் கட்டையைக் கையால் பிடித்துக்கொள்கிறாரா? விரல் போவது பெரும்பாலும் அப்படித்தான். கட்டை நழுவுகிறதே என்று ஒருவர் கை நீட்ட, மற்றவர் லீவரை இழுத்துவிடுகிறார். இரண்டு கையும் லீவரில் இருந்தால்தான் ஆப்பு நகரும் என்கிற இரட்டை லீவர் அமைப்பைப் பழைய வால்விலேயே இணைப்புக் கம்பி வைத்துச் செய்யலாம். கட்டையைப் பிடிக்க இரண்டு பக்கமும் பல் வைத்த தாங்கி. எட்டும் தூரத்தில் சிவப்பு ஸ்டாப் பட்டன். செய்ய முடியாத அமைப்பு என்றால் மெஷினை மாற்றுங்க, டன் கணக்கு பார்க்க வேண்டாம். 2025 நவம்பர் வரை இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவும், கரண்டில் ஓடி, பத்துப் பேர் வேலை செய்கிற இடங்களில் ஆபத்தான நகரும் பாகங்களுக்கு வேலியைக் கட்டாயமாக்கியிருந்தது.

டிராக்டரின் பி.டி.ஓ.வில் (பின்பக்கச் சுழல்தண்டில்) மாட்டுகிற திருகுக் கூம்பு மலிவாக இருக்கிறதே என்று போகாதீங்க. கணுவில் திருகு பிடித்துக்கொண்டால் கட்டையே சுழன்று அடிக்கும். கையுறையோ லுங்கி முனையோ சிக்கினால் நிறுத்த நேரம் கிடையாது. சக்கர வேகத்தில் குத்துகிற ஃப்ளைவீல் மெஷின் மூன்று வினாடியில் பிளக்கும்தான், ஆனால் அது நேர் நாருக்கு. சீமைக்கருவேல் கணுவில் அடித்து அடித்துப் பல்சட்டம் போகும்.

அந்த முழு மெஷின் பற்றி: ஃபின்லாந்தின் ஹக்கி பில்க்கே, பலாக்ஸ் மாதிரியானவை நேராக வளரும் பிர்ச், ஸ்ப்ரூஸ் மரத்துக்காகப் பிறந்தவை. கட்டை நீளமாக, நேராக, ஒரே சீரான கனத்தில் ஊட்டுப் பெல்ட்டில் படுக்க வேண்டும். கோணலும் முள்ளும் கிளையுமாக வரும் கருவேல் அதில் உருளாது, ரம்பத்துக்கு முன்னால் மாட்டிக்கொள்ளும். உங்கள் லோடில் பெரும்பகுதி தைலமரமோ சவுக்கோ ஆகிற நாளில் யோசிக்கலாம்.

---

டிப்போ_பெருந்துறை:

எல்லோருக்கும் நன்றிங்க. நூல் கட்டிப் பார்த்தேன், ஒரு மீட்டருக்கு அரை மி.மீ.கூட இல்லை. ஸ்பிரே அடித்ததில் முட்டுப் பிளேட்டின் இடது மூலை வெல்டிங்கில் 4 செ.மீ. வெடிப்பு, பீமில் இல்லை. பாய்லர்காரர் கையால் போடுகிறவர்தான், சிப்ஸ் எண்ணம் இல்லை என்கிறார். கைடு, சிலிண்டர் ட்யூப், ராடு, வெல்டிங், இரட்டை லீவர், ரோலர் மேடை என்று போகிறேன். ஒரே கேள்வி: சிலிண்டர் பட்டறையில் இருக்கிற நாட்களில் சப்ளை நிற்குமே, அதற்கு என்ன செய்யலாம்? திரும்பக் கெட்டுப்போகிறதை முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

---

ஆயில்சீல்_கோவை:

புது ட்யூப், புது ராடு என்று முடிவானால் பழைய சிலிண்டரைக் கழற்றாமலே அளவெடுத்துப் புதிதாகச் செய்யச் சொல்லுங்க. பின் துளை விட்டம், மூடிய நிலையில் பின்னுக்குப் பின் நீளம், போர்ட் இருக்கும் பக்கம், இந்த மூன்றும் சரியாக இருந்தால் ஒரு நாளில் மாற்றிவிடலாம். கைடையும் வெல்டிங்கையும் அதே நாளில் முடிங்க. பழைய சிலிண்டரைப் பிறகு நிதானமாக ஹோன் செய்து, கிட் போட்டு, போர்ட்டில் பிளக் வைத்து ஸ்பேராக மாட்டி வைங்க.

மோட்டார் ஸ்டார்ட்டரில் ஒரு மணி மீட்டர் இணைத்துவிடுங்க. ஃபில்டரை முதல் முறை 50 மணியில் மாற்றுங்க, புது சிலிண்டரின் துகள் அதில் வரும். பிறகு 500 மணிக்கு ஒருமுறை. ஆயில் 2,000 மணி. வாரம் ஒரு நாள், மதியம் இரண்டு மணிக்கு, சூட்டோடு மூன்று எண் எழுதுங்க: போய்த் திரும்பும் வினாடி, ராடு முனையில் நிற்கும்போது கேஜ், ஆயில் டெம்பரேச்சர். சுவரில் சாக்பீஸால் எழுதினாலும் போதும். 20 வினாடியைத் தாண்டினால் கைடு ஆட்டத்தை முதலில் பாருங்க, சிலிண்டரை அப்புறம்.

ஆர்டர் 14 டன்னிலிருந்து 20ஐத் தொட்டால் இந்த மெஷின் எட்டாது, அப்போது புதுசு வாங்கலாம். இதை விற்காமல் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்க. அப்போது ஒன்று நின்றாலும் பாய்லர்காரருக்கு லோடு போகும்.